மினிமேப்பை அணைத்துவிட்டு விளையாடுங்கள்: ஓப்பன் வேர்ல்டு கேமில் சலிப்புத் தட்டாமல் இருக்க ஒரு வழிகாட்டி

என் அக்கா மகன் தீபாவளி லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். கையில் விட்சர் 3, பெரிய மேப்பில் இஷ்டப்படி சுற்றித் திரியும் ஓப்பன் வேர்ல்டு கேம். "மாமா, 70 மணி நேரம் ஓட்டிட்டேன், கதை என்னன்னு கேட்டா சொல்லத் தெரியல, ஆனா நிறுத்தவும் முடியல" என்று சிரித்தான். சரி, விளையாடு பார்ப்போம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். மலை விளிம்பு, கீழே கடல், வெயில் சாயும் நேரம். அந்தக் காட்சியை உருவாக்க எத்தனை பேர் எத்தனை மாதம் உழைத்தார்களோ. இவன் கண் மட்டும் திரையின் மூலையில் வழி காட்டும் சின்ன வட்டமான மினிமேப்பை விட்டு நகரவே இல்லை. வட்டத்தில் ஒரு புள்ளி. புள்ளியை நோக்கிக் குதிரையை விரட்டினான், இறங்கினான், பெட்டியைத் திறந்தான், கையில் இருப்பதைவிட மட்டமான ஒரு கத்தி கிடைத்தது, அடுத்த புள்ளிக்குக் கிளம்பிவிட்டான். ரேஷன் கடைப் பதிவேட்டில் டிக் அடிப்பவருக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானே இப்படி ஒரு கேமில் 90 மணி நேரத்தைத் தொலைத்தவன், பெயர் வேண்டாம். பிறகுதான் எனக்கென்று சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். அதே மாதிரி கேம்கள்தான், ஆனால் இப்போது வேறு மாதிரி இருக்கின்றன. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இந்த வியாதி எங்கிருந்து வந்தது

2007-இல் வந்த முதல் அசாசின்ஸ் க்ரீட்டில் உயரமான கோபுரங்களில் ஏறுவீர்கள். உச்சிக்குப் போனதும் கேமரா ஒரு சுற்றுச் சுற்றும், டமாஸ்கஸ் நகரம் முழுக்கக் காலடியில் தெரியும், சுற்றுவட்டாரத்தில் என்னென்ன இருக்கிறது என்பது மேப்பில் வந்து விழும். அன்றைக்கு அது அருமையான யோசனை. ஏறுவதே ஒரு சுகம், மேப் அதற்கு மேல் கிடைத்த கூலி. 2012-இல் ஃபார் க்ரை 3 அதையே ரேடியோ டவராக மாற்றியது. அதற்குப் பிறகு எந்த கேமைத் திறந்தாலும் டவர், கேம்ப், பெட்டி, சேகரிக்க இறகு அல்லது கொடி என்று ஒரே சமையல் குறிப்பாகப் போய்விட்டது. 2018-இல் ஃபார் க்ரை 5-இல் ஆரம்பத்திலேயே உங்களை ஒரு டவரில் ஏறச் சொல்லிவிட்டு, 'பயப்படாதே, ஊர் முழுக்க இப்படி ஏறவிட மாட்டேன்' என்ற தொனியில் ஒரு கதாபாத்திரம் ஆறுதல் சொல்லும். தயாரித்தவர்களுக்கே விஷயம் புரிந்துவிட்டது.

கோபுரத்தில் ஏறுவதில் தப்பில்லை. ஏறி முடித்ததும் விடைத்தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. இந்த இடத்தில் பெட்டி, அந்த இடத்தில் கொள்ளைக்காரன் என்று போவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? போய் எடுத்துவர மட்டும்தான் இருக்கிறது.

பழைய ஆட்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி விளையாடினோமே, 2002-இல் வந்த கேம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடு எழுதிவைத்திருப்போம், 'பேன்சர்' என்று அடித்தால் டாங்கி வந்து விழும். பாதிப் பேர் மூன்றாவது மிஷனைத் தாண்டியதில்லை. ஆனால் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலங்களை மூடி வைத்திருந்ததும், அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று எட்டி எட்டிப் பார்த்ததும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அந்த கேமில் ஒளித்துவைத்த 100 பொட்டலங்கள் உண்டு, ஒன்றுகூட மேப்பில் தெரியாது. எதேச்சையாக ஒரு மாடிக்கு மேல் ஒன்று கிடைத்தால் பக்கத்து சிஸ்டத்தில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டுவோம்.

வாங்குவதற்கு முன்

டிரெய்லரைப் பார்க்காதீர்கள். யாராவது பேசாமல் விளையாடிய வீடியோவில், நடுவிலிருந்து 20 நிமிடம் பாருங்கள், அதுவும் சண்டை இல்லாத 20 நிமிடம். விளையாடுபவர் கேமராவை எங்கே திருப்புகிறார் என்று கவனியுங்கள். தூரத்தில் தெரியும் ஒன்றைப் பார்த்துவிட்டு வழியை மாற்றுகிறாரா, அல்லது ஐகானிலிருந்து ஐகானுக்குக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறாரா? இரண்டாவது என்றால் உங்களுக்கும் அதேதான் நடக்கும்.

இத்தனை சதுர கிலோமீட்டர் மேப் என்று பெருமை அடித்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். யாகுசா வரிசையில் வரும் கமுரோச்சோ என்பது டோக்கியோவின் ஒரு கேளிக்கைப் பகுதியை வைத்துச் செய்த நாலைந்து தெரு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சில நிமிடத்தில் ஓடிவிடலாம். ஆனால் நாலு பாகம் விளையாடியவனுக்கு நூடுல்ஸ் கடை எது, கரோக்கி எது, எந்தச் சந்தில் நுழைந்தால் ரவுடிகளிடம் மாட்டாமல் தப்பலாம் என்பதெல்லாம் சொந்தத் தெரு மாதிரி பழகிவிடும். பெரிய கேம்கள் பலவற்றில் 50 மணி நேரம் கழித்தும் ஒரு ஊரின் பெயர் மனதில் நிற்பதில்லை.

அப்புறம், வெளியான அன்றே வாங்காதீர்கள். சைபர்பங்க் 2077 கதை எல்லோருக்கும் தெரியும். 2020 டிசம்பரில் வந்தது, சில நாளிலேயே சோனி அதைத் தன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டது, அடுத்த ஜூனில்தான் திரும்ப வைத்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் அப்டேட், வந்த பிறகு போலீஸ், திறமைகளைக் கூட்டும் ஸ்கில் ட்ரீ எல்லாம் மாறி வேறொரு கேம் மாதிரி ஆனது. பொறுத்திருந்தவன் பாதி விலையில் நல்ல கேமை வாங்கினான். டிஸ்கில் இடம் இருக்கிறதா, மாத டேட்டா தாங்குமா என்பதையும் பாருங்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 பிசியில் 150 ஜிபி கேட்கும்.

முதல் ஒரு மணி நேரம் செட்டிங்ஸில்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதில்தான் பாதி வேலை முடிகிறது. டுடோரியல் தாண்டியதும் கேமை நிறுத்திவிட்டுச் செட்டிங்ஸுக்குள் போங்கள். முதலில் மினிமேப்பை அணையுங்கள். முழுசாக அணைக்க மனம் வரவில்லை என்றால் திசைகாட்டி மட்டும் வையுங்கள். ரெட் டெட் 2-இல் இதற்கு மெனுவுக்குள்கூடப் போக வேண்டாம், கன்ட்ரோலரில் கீழ்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அங்கேயே மாற்றலாம். மினிமேப் இல்லாமல் முதல் நாள் எரிச்சலாக இருக்கும். ரயில் தண்டவாளத்தைப் பின்தொடர்ந்தால் ஊர் வரும், ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் முகாம் எங்கே என்று புரியும் என்பது மூன்றாவது நாளில் தானாக வந்துவிடும்.

விட்சர் 3 வைத்திருந்தால் 2022 டிசம்பரில் வந்த 4.0 பேட்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். சண்டையிலோ, தடயம் தேடும் விட்சர் சென்ஸிலோ இல்லாதபோது மினிமேப் தானாக மறையும் வசதி அதில் வந்தது. பெரிய மேப்பிலும் கேள்விக்குறிகளை மறைக்கும் ஃபில்டர் உண்டு. அக்கா மகனுக்கு நான் போட்டுக் கொடுத்தது இதைத்தான்.

அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி ஆரம்பத்திலேயே விளையாடும் முறைகள் இரண்டைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஒன்றில் இலக்கு நேராக மேப்பில் வரும், மற்றது எக்ஸ்ப்ளோரேஷன். அதில் 'இந்தப் பகுதியில், அந்த மலைக்குத் தெற்கே' என்று துப்பு மட்டும் கிடைக்கும், நீங்கள் போய் இக்காரஸ் என்ற கழுகைப் பறக்கவிட்டுத் தேட வேண்டும். எக்ஸ்ப்ளோரேஷனை எடுங்கள். ஊர்ப் பெயர்களைப் படிக்க வைப்பதே அதன் பெரிய உபகாரம்.

ஷேடோ ஆஃப் த டூம் ரைடரில் சண்டை, புதிர், தேடல் மூன்றுக்கும் கடினத்தைத் தனித்தனியாக வைக்கலாம். தேடலை மட்டும் கூட்டினால் பாறையில் பூசியிருக்கும் வெள்ளைத் தடங்கள் போய்விடும். எங்கே பிடித்து ஏறுவது என்று நீங்களே பாறையைப் பார்த்து முடிவு செய்யலாம். இந்தப் பெயின்ட் விவகாரத்தில் இணையத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது, ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்தில் மஞ்சள் பூசிய பாறையைப் பார்த்துக் கிண்டலடித்தவர்கள் எத்தனையோ பேர். எனக்கு அதில் இரண்டு மனது. இன்றைய கிராஃபிக்ஸில் ஒவ்வொரு பாறையும் நிஜம் மாதிரி இருப்பதால் எது ஏறக்கூடியது, எது வெறும் அலங்காரம் என்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால் பெயின்ட் அடிக்கிறார்கள். கண் சரியாகத் தெரியாதவர்களுக்கு அது உதவியும்கூட. அணைக்கும் வசதி கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

கூட வரும் ஆட்கள் வாயை மூடுவதில்லை என்பது இன்னொரு தொல்லை. காட் ஆஃப் வார் ரக்னராக்கில் புதிரைப் பார்த்து நாம் யோசிக்கத் தொடங்குவதற்குள் பக்கத்தில் நிற்பவர் விடையைச் சொல்லிவிடுவார். ஹரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்டில் பை நிறைந்து பொருள் கிடங்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் கதாநாயகி ஏலாய் அதை அறிவிப்பாள். ஆட்கள் முனகியதும் ஒரு பேட்ச்சில் குறைத்தார்கள். குறிப்புகளைக் குறைக்கும் ஆப்ஷன் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிலத்தைப் படிப்பது

செட்டிங்ஸ் மாற்றியாயிற்று. இப்போது வேறு எதைப் பார்த்துப் போவது? இதை நன்றாகச் செய்த கேம்கள் மூன்றைச் சொல்கிறேன். இவற்றில் ஒன்றையாவது முதலில் விளையாடிக் கண்ணைப் பழக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் நல்லது.

2017-இல் வந்த ஜெல்டா, பிரெத் ஆஃப் த வைல்ட். இதிலும் கோபுரம் உண்டு, ஏறினால் மேப்பும் தெளியும், ஆனால் வருவது மலை, ஆறு, பாதை மட்டும்தான். ஒரு ஐகான் வராது. உச்சியில் நின்று தொலைநோக்கியை எடுத்துச் சுற்றிப் பார்த்து, அதோ புகை, அதோ வளைந்த பாறை, அதோ ஏதோ மினுங்குகிறது என்று நீங்களே குறி வைக்க வேண்டும். இறங்கி அதை நோக்கிப் போகும்போது வழியில் ஒரு குன்று மறிக்கும், குன்றைச் சுற்றினால் அந்தப் பக்கம் நீங்கள் பார்க்காத வேறொன்று இருக்கும், குறி வைத்த இடத்துக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். குன்றுகளை அப்படி மறைக்கும்படிதான் வைத்திருக்கிறார்கள், தற்செயல் ஒன்றும் இல்லை.

அந்த கேமில் மூலைக்கு மூலை ஒளித்துவைத்த 900 கொரோக் விதைகள் உண்டு. எண்ணைக் கேட்டதும் மயக்கம் வரும். ஆனால் ஆயுதப் பைகள் எல்லாவற்றையும் முழுசாகப் பெரிதாக்க 441 போதும். எந்த மூலைக்குப் போனாலும் ஏதாவது கிடைக்கட்டும் என்றுதான் மீதியைத் தூவியிருக்கிறார்கள். பிடிவாதமாக 900-ஐயும் சேர்ப்பவருக்குக் கிடைக்கும் பரிசு என்ன தெரியுமா, தங்க நிறத்தில் சாணி வடிவத்தில் ஒரு பொருள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. குறையும் இல்லாமல் இல்லை: கத்தி கண்ணாடி மாதிரி உடையும், மழை வந்தால் பாறை வழுக்கி ஏறவே முடியாது. கத்தி உடைகிறதே என்று நல்லதையெல்லாம் பைக்குள் பூட்டி வைப்பவர்கள்தான் அதிகம் அவதிப்படுவார்கள். கிடைத்ததை வைத்து அடித்துப் போடுங்கள், அடுத்த முகாமில் வேறு கிடைக்கும்.

கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் மினிமேப்பே கிடையாது. டச்பேடில் விரலை மேல்நோக்கி இழுத்தால் காற்று வீசும், புல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். முதல் தடவை பார்த்தபோது இவ்வளவு எளிதான யோசனை ஏன் இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லை என்றிருந்தது. கண் நிலத்தைவிட்டு நகர்வதே இல்லை. மஞ்சள் பறவை ஒன்று குறுக்கே பறந்தால் அதன் பின்னால் போகலாம், கரும்புகை தெரிந்தால் மங்கோலியப் படை இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்பர்ட் ஹட் என்ற ஆப்ஷனைப் போட்டால் திரையில் எழுத்தும் குறைந்துவிடும். ஆனால் இத்தனை அழகாக வழி காட்டிப் போய்ச் சேர்க்கும் இடத்தில் திரும்பத் திரும்ப அதே நரிதான். நரியின் பின்னால் ஓடு, சன்னதியில் கும்பிடு, நரியைத் தடவிக்கொடு. முதல் ஐந்து நரி அழகு. முப்பதாவது நரியைப் பார்த்தால் கோபம் வரும்.

எல்டன் ரிங் 2022-இல் வந்தது. முதல் குகையைவிட்டு வெளியே வந்ததும் தங்கக் கவசம் போட்ட குதிரை வீரன் ஒருவன் எதிரே உலாத்திக்கொண்டிருப்பான். கேம் பழகியவன் 'முதல் எதிரி, அடித்துவிடலாம்' என்று போய் ஒரே வெட்டில் விழுவான். பத்துத் தடவை செத்த பிறகுதான் உறைக்கும், அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாமே என்று. ஒரு வரி டுடோரியல் இல்லாமல் முழு கேமின் விதியையும் அந்த ஒருவன் சொல்லிக் கொடுத்துவிடுகிறான்: முடியவில்லையா, வேறு பக்கம் போ, பிறகு வா.

இன்னொன்று, விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். லிம்கிரேவ் என்ற தொடக்கப் பகுதியின் கிழக்குக் காட்டில் ஒரு பழைய மண்டபம் இருக்கிறது, உள்ளே ஒரு லிஃப்ட். மிதித்ததும் இறங்க ஆரம்பிக்கும். இறங்கிக்கொண்டே இருக்கும். ஏதோ நிலவறை என்று நினைத்து நிற்கிறீர்கள், இன்னும் இறங்குகிறது, சரி கோளாறாகிவிட்டது என்று சந்தேகம் வரும் நேரத்தில் சுவர் விலகி, பூமிக்கு அடியில் நட்சத்திரம் நிறைந்த ஒரு வானம் விரிகிறது. மேப்பைத் திறந்தால் அதற்கென்று தனியாக ஒரு தளம் முளைத்திருக்கும். உலகம் எவ்வளவு பெரிது என்பதை இந்த கேம் முன்கூட்டிக் காட்டுவதில்லை, நீங்கள் போகப் போக மேப்பின் சட்டமே பெரிதாகும். கேள்விக்குறி போட்டு அந்த லிஃப்ட்டைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்டன் ரிங்கைக் கோயில் கட்டிக் கும்பிடும் கூட்டத்தில் நான் இல்லை. பிற்பகுதியில் அதே பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள், திரும்பத் திரும்ப வருகிறார்கள், நிலவறைகளும் ஒன்றைப்போல ஒன்று. துணைக் கதாபாத்திரங்களின் கதையை யாராவது எழுதிய குறிப்பு இல்லாமல் முடிப்பது நடக்காத காரியம். யார் என்ன வேலை கொடுத்தார்கள் என்று காட்டும் குவெஸ்ட் பட்டியலே கிடையாது. இதற்கு என் மருந்து ஒரு நாற்பது பக்க நோட்டு. யாரை எங்கே பார்த்தேன், என்ன கேட்டான், இரண்டே வரி.

ஐகான்களைக் கழிப்பது

எல்லா கேமும் அந்த மூன்று மாதிரி இருக்காது. ஐகான் கொட்டிக் கிடக்கும் கேமிலும் நல்ல விஷயங்கள் உண்டு, பொறுக்கி எடுக்கத் தெரிய வேண்டும். நான் செய்வது இது: எந்த வகை வேலையாக இருந்தாலும் மூன்று தடவை மட்டும் செய்வேன். மூன்றாவது தடவை முதல் தடவையிலிருந்து எந்த விதத்திலும் மாறவில்லை என்றால் அந்த வகையை மேப் ஃபில்டரில் அணைத்துவிடுவேன். 40 கேம்ப் இருந்தால் 37 கேம்ப் எனக்கு இல்லை. முதலில் மனசு கேட்காது, நூறு சதவீதம் என்ற அந்த எண் உறுத்தும். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

விட்சர் 3-இன் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடலில் கேள்விக்குறிகள் மிதக்கும். படகில் போனால் பெரும்பாலும் கடத்தல்காரர்களின் பீப்பாய்கள், மேலே பறந்து தாக்கும் சைரன் பிசாசுகள். அடித்து, குதித்து, எடுத்து, திரும்பப் படகேறி, அடுத்ததற்குப் போனால் அதே பீப்பாய். ஒன்றுகூடத் தொட வேண்டாம். அதே கேமில் வேலன் பகுதியில் ஒரு குடிகாரக் கோட்டைத் தலைவனின் மனைவியையும் மகளையும் தேடும் கதை வரும். மேப்பில் அதுவும் ஒரு குறிதான், ஆனால் அந்தக் குடும்பத்தில் நடந்தது என்ன என்று தெரியத் தெரிய யார் பக்கம் நிற்பது என்றே புரியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை இருக்கிறது. உங்களை அனுப்புபவருக்கு முகமும் பெயரும் இருக்கிறதா, அவர் இரண்டு நிமிடமாவது பேசுகிறாரா? இருந்தால் போங்கள். மேப்பே அனுப்பினால் யோசியுங்கள்.

2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டாரை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியாது. மேப் வழக்கமான மேப்தான். ஆனால் உங்களைக் கொன்ற சாதாரண ஓர்க், அதாவது அரக்கப் படையாள், ஒருவன் பதவி உயர்ந்து, அடுத்த தடவை பார்க்கும்போது 'என்னடா, திரும்ப வந்துட்டியா' என்பதுபோல் நையாண்டி செய்வான். நீங்கள் தீயில் எரித்தவன் முகம் வெந்துபோய்த் திரும்பி வருவான். யாரும் எழுதாத கதை, உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த பகை. மற்றவர்கள் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்று கேட்பவர்களுக்கு: அந்த முறைக்கு 2021-இல் வார்னர் நிறுவனத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. கோபுரம் ஏறுவதற்கு யாராவது காப்புரிமை வாங்கியிருக்கலாம், நாடு உருப்பட்டிருக்கும்.

லெவல் என்ற வேலி

இது சுருக்கமாக. கதையில் அடுத்த மிஷன் லெவல் 20 கேட்கிறது, நீங்கள் 16. நடுவில் பிடிக்காத நாலு வேலை செய்ய வைப்பதற்கான வேலி அது. ஒடிசி தனியாக விளையாடும் கேம், அதன் கடையிலேயே அனுபவப் புள்ளியை 50 சதவீதம் கூட்டித் தரும் பூஸ்ட்டைக் காசுக்கு விற்றார்கள் என்றால் வேலி யாருக்கு லாபம் என்று புரிந்துகொள்ளலாம். காசு கொடுக்காதீர்கள். கூச்சப்படாமல் கடினத்தைக் குறைத்துவிட்டுத் தாண்டிப் போங்கள். வழியில் கிடைக்கும் கத்தி, கையுறை எல்லாவற்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். அஞ்சு லெவலுக்கு ஒரு தடவை பையைத் திறந்து நல்லதைப் போட்டுக்கொண்டு மற்றதை விற்றுவிட்டால் ஆயிற்று.

மகளைக் காணோம், இவர் சீட்டாடுகிறார்

கதை 'ஓடு, நேரம் இல்லை' என்கிறது. மேப் 'இரு, இதையும் பார்த்துவிட்டுப் போ' என்கிறது. விட்சரில் மகள் மாதிரி வளர்த்த சிரியை உலகமே துரத்துகிறது, கதாநாயகன் கெரால்ட்டோ விடுதியில் உட்கார்ந்து க்வெண்ட் என்ற சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறார். இந்த முரண்பாடு இந்த வகை கேமின் பிறவிக் குறை, இதுவரை யாரும் முழுசாகத் தீர்க்கவில்லை. நாம்தான் சமாளிக்க வேண்டும். கதையில் யாராவது 'சில நாள் ஆகும், தகவல் வந்ததும் சொல்கிறேன்' என்று சொல்லும் இடங்கள் வரும். சைடு குவெஸ்ட் எல்லாவற்றையும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது சாகக் கிடக்கும்போது மட்டும் முயல் வேட்டைக்குப் போகாதீர்கள், பிறகு அழுகைக் காட்சி வந்தால் உங்களுக்கே ஒட்டாது.

ரெட் டெட் 2-இல் இது வேறு மாதிரி. மிஷனுக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் போகலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அப்படி ஒரு சுதந்திரம். மிஷனுக்குள் நுழைந்ததும் சொன்ன பாறைக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும், கொஞ்சம் சுற்றிப் போய்ப் பின்பக்கமாகத் தாக்கலாம் என்று நகர்ந்தாலே மிஷன் தோல்வி. நான் முதல் தடவை மல்லுக்கட்டினேன். இரண்டாம் தடவை மிஷன்களைச் சினிமாவாக எடுத்துக்கொண்டு சொன்னபடி செய்தேன். நடுவில் கிடைக்கும் குதிரைச் சவாரியை மட்டும் விளையாட்டாக வைத்துக்கொண்டேன். ஒரு உட்காரலில் ஒரு மிஷனுக்கு மேல் வேண்டாம். நொடியில் இடம் தாவும் ஃபாஸ்ட் டிராவலும் வேண்டாம், அந்த கேமின் நல்ல தருணங்கள் எல்லாம் சாலையோரத்தில்தான் நடக்கின்றன. பாம்பு கடித்து ஒருவன் கத்திக்கொண்டிருப்பான், விஷத்தை உறிஞ்சி எடுத்துவிட்டீர்கள் என்றால் பல நாள் கழித்து ஊரில் துப்பாக்கிக் கடை வாசலில் அவனே உட்கார்ந்திருந்து, உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள், கணக்கு என்னுடையது என்பான்.

சண்டையே வேண்டாம் என்றாலும் இந்த உலகங்களால் பயன் உண்டு. அசாசின்ஸ் க்ரீட் ஒரிஜின்ஸில் டிஸ்கவரி டூர் என்று ஒரு முறை இருக்கிறது, 2018-இல் சேர்த்தார்கள். ரத்தம் இல்லை, மிஷன் இல்லை, பழைய எகிப்தில் சும்மா சுற்றலாம். என் அம்மாவிடம் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். பிரமிடு பக்கமே போகவில்லை. ரொட்டி சுடும் இடத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். "அடுப்பு எவ்ளோ பெருசுடா, இத்தனை பேருக்கு யாரு மாவு பிசையறது" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் விட்டுவிட்டால்

வேலை, பரீட்சை, கல்யாணம் என்று மூன்று வாரம் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் எந்தப் பொத்தான் எதற்கு என்றே மறந்திருக்கும். உடனே முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அப்படி ஆரம்பித்தவர்கள் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆரம்பப் பகுதிக்குப் போய் அரை மணி நேரம் சில்லறை எதிரிகளை அடியுங்கள், விரலுக்கு ஞாபகம் வந்துவிடும். கதையை மறந்திருந்தால் குவெஸ்ட் பட்டியலில் முடித்தவற்றைப் படியுங்கள். விட்சரில் அதைக் கெரால்ட்டின் நண்பனான கவிஞன் டேண்டிலியன் எழுதிய மாதிரியே வைத்திருப்பார்கள், படிக்கவும் சுவையாக இருக்கும்.

கதை முடிந்தும் மேப்பில் 200 குறி மிச்சம் இருந்தால் அப்படியே கேமை மூடி டிஸ்கிலிருந்து நீக்கிவிடுங்கள். சேவ் ஃபைல் கிளவுடில் ஏறிவிட்டதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் ஊருக்குப் போன நாலாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது. மினிமேப் இல்லாமல் வேலன் சதுப்பில் ஒரு மணி நேரமாகச் சுற்றுகிறானாம். கூடவே மொபைலில் எடுத்த கலங்கலான ஒரு படம். "மாமா, காட்டுக்குள்ள மரத்துக்கு மரம் மிட்டாய் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. பின்னாடியே போகவா வேணாமா?"

'போ' என்று மட்டும் பதில் போட்டுவிட்டுப் படுத்தேன்.